ஐந்தைந்து பேராய்ச் சிலுவைமலைக்கு

சிலுவைமலையில் ஆண்டவர் எட்டு வருடமாக எட்டாம் இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அதற்கு மேலே ஏற அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை.

கம்பளையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் ஏறினால் ஹில்டா தேயிலைத் தோட்டம். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் பின்னால் தொடங்குகிற பாதையில் மலை உச்சிவரை பதினான்கு சீமெந்துச் சிலுவைகள். இயேசுவுக்குத் தீர்ப்புச் சொன்னதிலிருந்து அவரை அடக்கம் செய்ததுவரை, இடத்துக்கு ஒன்று. பெரிய வெள்ளிக்கிழமை பத்துப் பேர் மரச்சிலுவையைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னே போக, தோட்டமே பின்னால் செபம் சொல்லிக்கொண்டு ஏறும். மண்சரிவு வந்த வருடம் மீட்பு வேலைக்கென்று படையினர் வந்தார்கள். பொய் சொல்லக்கூடாது, நன்றாகத்தான் வேலை செய்தார்கள். தோட்டத்துப் பெண்கள் அவர்களுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தார்கள். மண் அள்ளி முடிந்தது, வந்தவர்கள் போகவில்லை. உச்சியில் கூடாரம் வந்தது, கூடாரம் தகரக் கொட்டகையானது, அதைச் சுற்றி முள்ளுக்கம்பி வந்தது. எட்டாம் இடத்துக்கும் ஒன்பதாம் இடத்துக்கும் நடுவில் ஒரு கேட் போட்டார்கள்.

அன்றிலிருந்து சனங்களின் பிழைப்பு அந்தக் கேட்டோடுதான். மேல்மலையில் கொழுந்து எடுக்கிற பெண்கள் காலையில் அடையாள அட்டையைக் காட்டவேண்டும், சோற்றுப் பெட்டியைத் திறக்கவேண்டும், மாலையில் கூடையைக் கவிழ்க்கவேண்டும். கேட்டைத் தாண்டியதும் தேயிலைப் பக்கம் திரும்பிவிடவேண்டும், சிலுவைப் பாதையில் ஏறக்கூடாது. உச்சியிலிருந்த சின்னக் கோயில் முகாமின் களஞ்சியமாகிவிட்டது. மாதம் ஒருமுறை ஃபாதர் வந்தால், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் தொட்டில்களை ஒதுக்கிவிட்டுப் பூசை நடக்கும். பத்தாம் இடத்துச் சிலுவையில் சிப்பாய்கள் சட்டை காயப்போட்டார்கள். ஆண்டவரின் ஆடையை உரிந்த இடம் அதுதான் என்று அவர்களுக்கு யார் போய்ச் சொல்வது?

எல்லாவற்றிலும் பெரிய வெட்கம் பெரிய வெள்ளிக்கிழமை. தூக்கிய சிலுவையைப் பதினான்காம் இடத்தில்தான் இறக்கவேண்டும், நடுவழியில் தரையில் வைக்கக்கூடாது என்பது அந்தத் தோட்டத்து வழக்கம். ஆனால் எட்டு வருடமாகக் கேட்டடியில் இறக்கிவைத்து, மிச்ச ஆறு இடத்துச் செபத்தையும் முள்ளுக்கம்பியைப் பார்த்து ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, திருடிய வீட்டிலிருந்து வருகிறவர்கள் போல இறங்கி வந்தார்கள்.

இதைச் சீரணிக்க முடியாதவள் பியட்றிஸ். நாற்பத்தாறு வயது, கொழுந்து எடுப்பவள், வாய் கொஞ்சம் நீளம். தோட்டத்தில் ஒவ்வோர் இடமும் ஒரு குடும்பத்தின் பொறுப்பு. அந்தக் குடும்பந்தான் சிலுவைக்கு வெள்ளையடிக்கும், அங்கே செபத்தையும் சொல்லும். ஆண்டவர் உயிர்விடுகிற பன்னிரண்டாம் இடம் பியட்றிஸ் வீட்டுக்கு. அவளுடைய அப்பா சீமெந்து மூட்டையைத் தலையில் சுமந்துபோய்க் கட்டிய சிலுவை அது. எட்டு வருடமாக அவள் அதைக் கண்ணால் காணவில்லை.

இந்த வருடம் பெரிய வெள்ளிக்கு முந்திய தபசுகாலத்தில் முகாமுக்குப் புதிதாக வந்த கெப்டன், கோயில் உபதேசியார் அந்தோனியைக் கூப்பிட்டு ஒரு செய்தி சொன்னார். மேலே இருக்கிற ஆறு சிலுவைகளுக்கும் யாரும் வருவதில்லை. எட்டு வருடப் புத்தகத்தில் சிலுவைகளுக்கென்று ஒரு பெயர்கூடப் பதிவாகவில்லை. ஆகவே பாஸ்கா முடிந்ததும் அவற்றைப் பிடுங்கிவிட்டு வாகனம் நிறுத்த இடம் கட்டப் போகிறார்கள். வரவிடாதவர்களே வரவில்லை என்று எழுதிவைத்திருந்தார்கள். உபதேசியார் சாதுவான மனிதர், யாராவது உரக்கத் தும்மினாலே மன்னிப்புக் கேட்பவர். அன்று மட்டும் எப்படியோ நின்று கெஞ்சி, மேலே போக ஓர் அனுமதிக் கடிதம் வாங்கி வந்துவிட்டார்.

வியாழக்கிழமை பின்னேரம் பிள்ளைக் காம்பராவில் கூட்டம். பியட்றிஸின் மகள் ஷெரோன் கண்டியில் ரீச்சர், பெரிய வெள்ளிக்காக வீட்டுக்கு வந்திருந்தாள். சிங்களக் கடிதத்தை அவள்தான் வாசித்துச் சொன்னாள். காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை மேலே போகலாம். சத்தமாகச் செபம் கூடாது. ஒரு தடவைக்கு ஐந்து பேர் மட்டும்.

“அஞ்சு பேராவது விட்டாங்களே,” என்றார் உபதேசியார். “வயசான அஞ்சு பேர நானே கூட்டிட்டுப் போயிட்டு வந்துடுறேன். மத்தவங்க வழக்கம்போல கீழ நில்லுங்க.”

“இருங்க உபதேசியாரே,” என்றாள் பியட்றிஸ். “ஷெரோன், அந்தக் கடைசி வரிய இன்னொருக்கா வாசி.”

ஷெரோன் வாசித்தாள்.

“ஒரு தடவைக்குத்தானே அஞ்சு பேரு? எத்தன தடவைன்னு போட்டிருக்கா?”

“இல்லம்மா.”

“அப்ப எல்லாரும் போறோம்,” என்றாள் பியட்றிஸ். “அஞ்சஞ்சு பேரா போறோம்.”

உபதேசியார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “சிலுவைய என்னா செய்றது? அதுக்குப் பத்துத் தோளு வேணுமே.”

“கேட்டடியில தோள்லயே வச்சிக்கிட்டு நிப்போம். இந்த வருஷம் கீழ வைக்கிறதில்ல.”

கெப்டன் ஒரு கணக்கில் தவறிவிட்டார். சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளைக் காம்பராவுக்கு வருகிற நாற்பது, ஐம்பது பேரைத்தான் அவர் பார்த்திருந்தார். கொழும்பில் கடையில் நிற்பவன், கண்டியில் ஹோட்டலில் பாத்திரம் கழுவுபவன், வத்தளையில் தையல் தைப்பவள் என்று அந்தத் தோட்டத்தில் பிறந்த அத்தனை பேரும் பெரிய வெள்ளிக்கு ஊர் வந்துவிடுவார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? விடிந்தபோது முதலாம் இடத்தில் முந்நூற்றெட்டுப் பேர் நின்றார்கள்.

ஏழு மணிக்குச் சிலுவை கேட்டடிக்கு வந்தது. காவலுக்கு நின்ற சிப்பாய் கடிதத்தைப் பார்த்து, முதல் ஐந்து பேரின் அட்டைகளை வாங்கி, புத்தகத்தில் பெயரெழுதி, பைகளைச் சோதித்து உள்ளே விட்டான். அவர்கள் ஆறு சிலுவைகளையும் முத்தமிட்டுத் திரும்பிவர இருபத்தைந்து நிமிடம் பிடித்தது. வந்ததும் அடுத்த ஐந்து பேர் முன்னே வந்தார்கள். சிப்பாய் அவர்களையும் எழுதினான். மூன்றாவது ஐந்து பேர் வந்தபோதுதான் நிமிர்ந்து கீழே பாதையைப் பார்த்தான். வரிசையின் வால் லயத்தடியில் இருந்தது.

வெயில் ஏறியது. சிலுவை தோளைவிட்டு இறங்கவில்லை. பத்துப் பேர் களைத்தால் அடுத்த பத்துப் பேர் தோளைக் கொடுத்தார்கள். பியட்றிஸ் கேட்டடியிலேயே நின்று ஆட்களை ஐந்தைந்தாகப் பிரித்து அனுப்பினாள். அவள் மட்டும் போகவில்லை. போகச் சொன்னவர்களிடம், “சிலுவை போனாத்தான் நான் போவேன்,” என்றாள். உள்ளே போய்வந்த ஒரு கிழவர் அவள் பக்கம் குனிந்து, “ஒங்கப்பா கட்டுனது பாசி புடிச்சுக் கறுத்துக் கெடக்கு புள்ள, ஆனா அசையல,” என்றார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு அடுத்த ஐந்து பேரைக் கூப்பிட்டாள்.

பதினொரு மணிக்கு மேல் ஒருசந்தி நோன்பு வயிற்றோடு நின்ற ஆண்களுக்குத் தலை சுற்றியது. பெண்கள் ஒரு வார்த்தை கேட்காமல் போய்ச் சிலுவைக்கடியில் தோளை நுழைத்தார்கள். அதுவரை ஆண்கள் மட்டுமே தூக்கிய சிலுவை. வழக்கம் மீறிப்போகிறதே என்று முணுமுணுக்கக்கூட யாருக்கும் தெம்பில்லை. இருபது கிலோ கொழுந்தைச் சுமந்து சரிவில் ஏறி இறங்குகிற கால்கள் அவை, அசையாமல் நின்றன.

கேட்டுக்குக் கீழே சந்தியில் கடை வைத்திருக்கும் ஹலீம் நானா ஒரு பெரிய கேத்தல் நிறையக் கொத்தமல்லித் தண்ணி கொண்டுவந்தார். சிலுவை தூக்குபவர்களுக்கு ஊற்றினார், சிப்பாய்க்கும் ஒரு கோப்பை கொடுத்தார்.

“சும்மா குடிங்க தங்கச்சி, சீனி போடல்ல,” என்றார் பியட்றிஸிடம். “நாங்களும் நோன்பு புடிக்கிற ஆக்கள்தானே, வெறும் வயித்தோட வெயில்ல நிக்கிற கஷ்டம் தெரியும்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒங்களுக்கு ஒரு விசயம் தெரியுமா? நாளைக்குக் காலையில மேலுக்கு ஆமியில பெரிய மாத்தயா ஒருத்தர் வாராராம். ஆறு பெட்டி சோடா எங்கிட்டதான் ஓடர்.”

பியட்றிஸ் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தாள். “நல்ல நேரத்துல சொன்னீங்க நானா,” என்றாள்.

மூன்று மணியாயிற்று. ஆண்டவர் உயிர்விட்ட நேரம். அதுவரை பத்தொன்பது தடவையில் தொண்ணூற்றைந்து பேர் போய்வந்திருந்தார்கள். கேட்டடியில் நின்ற அத்தனை பேரும் சத்தமில்லாமல் முழந்தாளிட்டார்கள். சிலுவை தூக்கி நின்ற பெண்கள் மட்டும் நின்றபடியே தலைகுனிந்தார்கள். சிப்பாய்க்கு எழுதிய கை வீங்கியிருந்தது. புத்தகமும் முடிந்து, புதுக் கொப்பி ஒன்று தொடங்கியிருந்தான். அவனும் இன்னும் சாப்பிடவில்லை.

அப்போதுதான் கெப்டன் இறங்கி வந்தார். இளைஞர், சலவை மடிப்புக் கலையாத உடுப்பு. முழந்தாளிட்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார்.

“இன்னும் எத்தனை பேர்?” என்று சிங்களத்தில் கேட்டார்.

உபதேசியார் எழுந்து நின்றார். மன்னிப்புக் கேட்பதுபோலக் கையைக் கூப்பினார். ஆனாலும் சொன்னார். “இருநூற்றுப் பதின்மூன்று பேர், மாத்தயா.”

“ஆறு மணிக்குக் கேட்டை மூடிவிடுவேன். அதற்குள் எப்படி முடியும்?”

“முடியாது மாத்தயா,” என்றாள் பியட்றிஸ். அவளுடைய சிங்களம் கடைத்தெருவில் கற்றது, ஆனால் தடுமாறாது. “மிச்சப் பேர் நாளைக்குக் காலை ஆறு மணிக்கு வருகிறோம்.”

“அனுமதி இன்றைக்கு மட்டும்தான்.”

“கடிதத்தில் அப்படி இல்லையே. நேரம் இருக்கிறது, திகதி இல்லை. நீங்களே கையெழுத்து வைத்திருக்கிறீர்கள்.” ஷெரோன் வியாழக்கிழமையே கண்டுபிடித்துச் சொல்லியிருந்தாள். பியட்றிஸ்தான் யாரிடமும் வாயைத் திறக்காமல் வைத்திருந்தாள். “சிலுவையைக் கீழே வைக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை, மாத்தயா. இரவு முழுக்க இங்கேதான் மாறி மாறித் தூக்கிக்கொண்டு நிற்போம். நாளைக்கு யார் வந்தாலும் ஒதுங்கி வழி விடுவோம். எங்களால் ஒரு தொந்தரவும் இருக்காது.”

கெப்டன் கடிதத்தை வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் இல்லாத திகதி எத்தனை முறை பார்த்தாலும் வரப்போவதில்லை. நாளைக்குப் பெரியவரின் ஜீப் ஏறி வருகிற பாதையில் இருநூறு பேரும் ஒரு மரச்சிலுவையும் நிற்பதை அவர் மனதில் கண்டிருக்கவேண்டும். காது சிவந்தது.

“எல்லோரும் ஒரே தடவையில் போங்கள்,” என்றார் கடைசியில். “போய் முடித்துவிட்டு வாருங்கள்.”

கேட் திறந்தது. எட்டு வருடத்துக்குப் பிறகு சிலுவை எட்டாம் இடத்தைத் தாண்டியது. முன்னால் ஐந்து பெண்கள், பின்னால் ஐந்து ஆண்கள். ஒன்பதாம் இடத்தில் அந்தக் குடும்பத்துக் கிழவி செபம் சொன்னபோது மெதுவாகத்தான் சொன்னாள். பத்தாம் இடத்துக்கு அவர்கள் வருமுன்னே ஒரு சிப்பாய் ஓடிவந்து சட்டைகளை அள்ளிக்கொண்டு போனான். பதினோராம் இடத்தில் குரல்கள் உயர்ந்துவிட்டன. சத்தம் கூடாது என்ற கட்டளையை ஞாபகப்படுத்த யாரும் வரவில்லை.

பன்னிரண்டாம் இடம் வந்தது. பியட்றிஸ் கறுத்துப்போன சீமெந்தில் கையை வைத்தாள். அழுவேன் என்று நினைத்திருந்தாள். அழுகை வரவில்லை, நெஞ்சு முட்டச் சந்தோஷந்தான் வந்தது. துக்க நாளில் சந்தோஷப்படுவது பாவமென்றால் அந்தப் பாவத்தை அவள் மனசாரச் செய்தாள். “பன்னிரண்டாம் இடம். இயேசு சிலுவையில் உயிர்விடுகிறார்,” என்று அவள் சொன்னது கீழே ஹலீம் நானா கடைவரை கேட்டதாம். முந்நூறு பேர் முழந்தாளிட்ட சத்தம் தகரக் கொட்டகைகளுக்குள்ளும் கேட்டிருக்கும். பதினான்காம் இடத்தில் சிலுவையைத் தரையில் இறக்கியபோது, வீங்கிய தோளோடு ஆண்களும் பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். உபதேசியார் அந்தோனி எல்லோருக்கும் முன்னால் விம்மி அழுதார். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. காலை ஆறு மணிக்குப் பியட்றிஸ் கேட்டடிக்கு வந்தாள். கையில் சுண்ணாம்பு வாளி, பின்னால் மட்டைத் தூரிகைகளோடு நாலு பெண்கள். அதே சிப்பாய்தான் நின்றான். அவளைக் கண்டதும் அட்டையும் கேட்காமல், அவசர அவசரமாகக் கேட்டைத் திறந்துவிட்டான்.

பியட்றிஸ் உள்ளே போகவில்லை. வாளியைத் தரையில் வைத்துவிட்டு, ஐந்து பேரின் அடையாள அட்டைகளையும் அவன்முன் மேசையில் வைத்தாள்.

“எழுதுங்கள்,” என்றாள். “சிலுவைகளுக்கு ஐந்து பேரும் வந்தோம் என்று புத்தகத்தில் எழுதுங்கள். எழுதி முடிக்கும்வரை நான் நிற்கிறேன்.”