இரண்டாவது பேஸ்

கல்லூரியிலிருந்து மெட்ரோ பிடித்து, தோளில் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு அகல்யா நாட்டின் தலைநகரிலுள்ள அந்தத் தமிழ்ப் பள்ளி மைதானத்துக்குள் நுழைந்தபோது, ஓடுகிறவர்கள் தொட்டுப் போகும் இரண்டாவது பேஸ் இருக்கவேண்டிய இடத்தில் ஓர் இரும்புக் கம்பம் நின்றிருந்தது. அடியில் கொட்டியிருந்த கான்கிரீட் இன்னும் காயவில்லை. அதில் ஏதோ ஒரு நாயின் கால் தடம். முந்தைய பயிற்சிக்காக அவள் சுண்ணாம்புப் பொடியால் இழுத்திருந்த கோடுகளின் மேல் டிராக்டர் ஏறி இறங்கியிருந்தது. சாஃப்ட்பால் அணிப் பெண்கள் பன்னிரண்டு பேரும், தெரியாதவர் வீட்டுச் சாவுக்கு வந்தவர்கள் போலக் கம்பத்தைச் சுற்றி நின்றார்கள். மேகலா மட்டும் அதில் சாய்ந்துகொண்டு கடலை தின்றுகொண்டிருந்தாள்.

"கிரிக்கெட் நெட்டாம்க்கா. அகாடமி வருதாம்," என்றாள்.

பரமசிவம் சார் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். சேலத்துக்காரர், ஒரு காலத்தில் கபடி ஆடியவர். சாஃப்ட்பால் விதிகளைக் கைபேசியில் பார்த்துத்தான் அவருக்குப் பழக்கம். இதே பள்ளியில் நான்கு வருடம் இரண்டாவது பேஸில் நின்று ஆடிய அகல்யா வரலாறு படிக்கக் கல்லூரிக்குப் போனதும், "வாரத்துல மூணு நாளு வந்து சொல்லிக் குடும்மா, எனக்கு இந்தக் கோட்டுக் கணக்கெல்லாம் பிடிபடல" என்று அவர்தான் கேட்டுக்கொண்டார். சம்பளம் கிடையாது. ஸ்டாஃப் ரூமிலிருந்து ஒரு டீ வரும், அதுவும் சில நாள் வராது. ஆனால் வகுப்பில் வாயே திறக்காத பெண்கள் பந்து வரும்போது அது தனக்குத்தான் என்று "மைன், மைன்" என கத்திக்கொண்டு முன்னால் பாய்வதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு ருசி விழுந்துவிட்டது. அதற்காகவே வீடு இருக்கிற மயூர் விஹாரில் இறங்காமல் இத்தனை தூரம் வருவாள்.

"மேல முடிவு பண்ணிட்டாங்கம்மா," என்றார் பரமசிவம் சார், அவளைப் பார்க்காமல். "சாயந்திரம் முழுக்க கிரவுண்டு அவங்களுக்கு. நமக்குப் பின்னாடி பார்க்கிங் பக்கம் ஒதுக்கியிருக்காங்க."

"அங்க சிமெண்டுக் கல்லு பதிச்சிருக்கு சார். எப்படிச் சறுக்கி ஸ்லைடு பண்ணுவாங்க?"

"ஸ்லைடு பண்ணாம ஓடச் சொல்லேன்," என்றார் அவர். சொன்ன பிறகு அவருக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும். எழுந்து போய்விட்டார்.

அகல்யா நேராகத் துணை முதல்வர் கோமளா மேடத்தின் அறைக்குப் போனாள். அவளுக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர். பள்ளிக்காலம் முழுக்க அகல்யா அந்த அறைக்குப் பாராட்டு வாங்க மட்டுமே போயிருக்கிறாள். லீடர் பட்டையைக் குத்திக்கொண்டு, எதற்கும் எதிர்ப் பேச்சுப் பேசாமல், 'சமர்த்து' என்று பெயர் வாங்கியவள். கதவைத் தட்டும்போது அந்தப் பழைய அகல்யாதான் தட்டினாள்.

"லேபுக்குக் கூரை ஒழுகறது உனக்கே தெரியும். அகாடமிக்காரன் அதைப் போட்டுத் தரேங்கறான்," என்றார் கோமளா மேடம். கோபமில்லை, அலுப்புத்தான். "நாலு பொண்ணுங்க பந்து எறியறதுக்கு எவ்வளவு இடம் வேணும், சொல்லு?"

"பன்னெண்டு பேர் மேடம். அடுத்த மாசம் ஜோனல் போட்டி இருக்கு."

"யாரு பாக்கறா அந்த ஜோனல? இங்க பாரு, நீ படிச்சு முடிச்சுட்டுப் போன பொண்ணு. உன்னை உள்ள விடறதே ஒரு பிரியத்துலதான். அதைக் கெடுத்துக்காதே."

அகல்யாவுக்குக் காது சூடாயிற்று. "சரி மேடம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். படியிறங்கும்போது அந்தச் 'சரி'யை நினைத்துத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அன்று பார்க்கிங் பக்கம் ஆடினார்கள். ஆசிரியர்களின் ஸ்கூட்டர்களுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே, செருப்புகளை பேஸாக வைத்து. பந்து கல்லில் பட்டுத் தாறுமாறாக எகிறியது. அடித்து ஆடவே முடியவில்லை. அடித்தால் ஸ்டாஃப் ரூம் கண்ணாடி. கடைசியில் ஓட்டப் பயிற்சி வைத்தாள். ஓட்டம் முடிகிற ஹோம் பிளேட்டை நோக்கி ஓடி வந்த மேகலா, இத்தனை மாதப் பழக்கத்தில், யோசிக்காமல் காலை நீட்டிச் சறுக்கிவிட்டாள்.

டிராக் பேண்ட் தொடையிலிருந்து முழங்கால் வரை கிழிந்தது. உள்ளே தோலும் கூடவே போயிருந்தது. குழாயடியில் உட்காரவைத்து அகல்யா கழுவிவிட்டாள். கல் துகள்களை எடுக்க எடுக்க இரத்தம் துளிர்த்தது. மேகலா பல்லைக் கடித்துக்கொண்டு தொட்டியைப் பார்த்தாள். பதினொன்றாம் வகுப்பு, அணிக்குப் பந்து வீசும் பிட்சர். கையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி இடுப்போரமாக அவள் விடுகிற பந்தை அகல்யாவாலேயே பாதி முறை தொட முடியாது. தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் பிறந்து வளர்ந்தவள். போன வருடம் கேம்ப்பை இடித்த பிறகு குடும்பம் நகரத்தின் கோடியிலுள்ள நரேலாவுக்குப் போய்விட்டது. பள்ளிக்குப் பக்கத்து ஜங்புராவில் வீட்டு வேலை செய்யும் அம்மாவோடு இருட்டிலேயே பஸ் ஏறி வருவாள். பயிற்சி முடிந்து அம்மாவோடு இருட்டில் திரும்புவாள். நரேலாவிலேயே ஒரு பள்ளியில் சேரலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். அங்கே சாஃப்ட்பால் இல்லை என்பதுதான் அவளுடைய ஒரே பதில்.

"அகல்யாக்கா," என்றாள் மேகலா. "கேம்ப்ல மொதல்ல, சாக்கடை நாலா ஓரமா இருக்கற வீடுங்களை மட்டும்தான் இடிப்போம்னாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. நாங்க உள்பக்கம் இருந்தோம்ல, அதான் சும்மா இருந்துட்டோம்." பேண்டின் கிழிசலை இழுத்து மூடிக்கொண்டாள். "இந்தப் பார்க்கிங்ல எவ்ளோ நாள் வுடுவாங்க?"

அகல்யாவின் கை குழாயிலேயே நின்றுவிட்டது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அடுத்த பயிற்சி நாளில் அவள் இரண்டு வகுப்புகளை விட்டுவிட்டு வந்தாள். பள்ளியின் கடைசி மணி அடித்தபோது மைதானத்தில் புதுக் கோடுகள் இருந்தன. கம்பத்தைச் சுற்றிப் பழைய யோகா பாய் ஒன்றைக் கட்டியிருந்தாள், மோதினால் அடிபடாமலிருக்க. "இதுதான் இனிமே ரெண்டாவது பேஸ். கையால தொட்டா போதும்," என்றாள். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "தீதி, திட்டுவாங்க," என்றாள் அக்காவைத் தீதி என்கிற ஒருத்தி.

"திட்டட்டும். என்னைத் திட்டட்டும். பயமா இருக்கறவங்க போலாம், நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

யாரும் போகவில்லை. மேகலா தொடையில் கட்டுத் துணியோடு நடுவில் போய் நின்று, பூட்ஸ் காலால் மண்ணைச் சீவிக் குழி பறித்துக்கொண்டாள்.

வெள்ளைச் சட்டைப் பையன்களோடு அகாடமி கோச் ராணா வந்தபோது ஆட்டம் சூடு பிடித்திருந்தது. கறுப்புக் கண்ணாடி, வெயில் போன பிறகும். "மேடம்ஜி, ஜகா காலி கரோ!" என்றார். இடத்தைக் காலி செய்யச் சொல்கிறார் என்பது அகல்யாவுக்குப் புரியாமலில்லை. கையிலிருந்த பந்தை மேலே தூக்கிப்போட்டுத் தரையோடு தரையாக, ஷார்ட் ஸ்டாப் இடத்தில் நின்ற பெண்ணுக்கு அடித்தாள். அடுத்ததை மூன்றாவது பேஸுக்கு.

"நஹி கரேங்கே, பண்ண மாட்டோம்," என்றாள் திரும்பிப் பார்க்காமல். "நாங்க முன்னாடியே ஆடிட்டிருக்கோம்."

அவர் கைபேசியை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் பரமசிவம் சார் வந்தார், அனுப்பப்பட்டு வந்திருந்தார். மாடி வராந்தாவில் கோமளா மேடம் நிற்பது தெரிந்தது. சார் மைதானத்தின் விளிம்பில் வந்து நின்று, பெண்களைப் பார்த்தார், கம்பத்தில் கட்டியிருந்த பாயைப் பார்த்தார்.

"கிரவுண்ட விட்டு வரச் சொன்னாங்கம்மா."

"வரலை சார்."

"நான் சொல்லிட்டேன்."

"சொல்லிட்டீங்க."

"சரி," என்றார் அவர். ஆனால் போகவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்சருக்குப் பின்னால் போய் நின்றார். அடுத்த பந்து வந்ததும், "ஸ்ட்ரைக்கு," என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு.

ராணா தன் பையன்களை மைதானத்தின் மிச்ச இடத்தில் ஆட விட்டார். ஒரே மண்ணில் இரண்டு ஆட்டம். ஒரு பையன் தூக்கி அடித்த கிரிக்கெட் பந்து சாஃப்ட்பால் கோடுகளுக்குள் இறங்கி வந்தது. மேகலா இரண்டு எட்டு பின்னால் போய் கிளவ்வில் அதை வாங்கினாள். "அவுட்!" என்று பன்னிரண்டு பெண்களும் கத்தினார்கள். அடித்த பையனும் சிரித்துவிட்டான். ராணா சிரிக்கவில்லை.

அகல்யா வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டிருந்தது. அப்பா பாலசுப்ரமணியம் கதவைத் திறந்ததும் கேட்டார், "கோமளா மேடம் போன் பண்ணினாங்க. மன்னிப்புக் கேட்டா விட்டுடறேங்கறாங்க. ஒரு வார்த்தைதானே?"

"எதுக்குப்பா கேக்கணும்?"

மகள் அவரிடம் திருப்பிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த முறை போனபோது கேட்டில் காவலாளி கையை நீட்டி மறித்தார். வருத்தமாகத்தான் மறித்தார். "ஆர்டர் ஹை, பேட்டி," உத்தரவு மகளே என்றார். அகல்யா அவரோடு சண்டை போடவில்லை. மைதானத்துக்கு வெளிப்பக்கம், சாலையோரமாகச் சுற்றி வந்தாள். அங்கே சுவர் அவள் தலைக்கு மேலே ஒரு முழம் உயரம். உள்ளே பார்க்க வழியில்லை. காதைச் சுவரில் வைப்பது போல நெருங்கி நின்றாள். பஸ் சத்தம், மோமோ வண்டிக்காரரின் கூவல், அதற்கு நடுவே, உள்ளேயிருந்து ஒரு குரல்: "மைன்! மைன்!"

ஆடிக்கொண்டிருந்தார்கள். அவள் இல்லாமலே மைதானத்தில் இறங்கியிருந்தார்கள்.

"மேகலா!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள். "தோளை இறக்காத!"

உள்ளே சிரிப்பு. பிறகு, "அச்சாக்கா, சரிக்கா!" என்று ஒரு கூச்சல். ஆட்டோவுக்குள் சாய்ந்திருந்த டிரைவர் எழுந்து, இந்தப் பெண் யாரோடு பேசுகிறாள் என்று பார்த்தார். அவள் அவரைச் சட்டை செய்யவில்லை. சத்தத்தை வைத்தே ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். மட்டையில் பந்து நடுவில் படும் ஒலிக்கும் விளிம்பில் படும் ஒலிக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியும். "கீழ குனிஞ்சு எடு!" என்றாள். "முட்டிய மடக்கு!" என்றாள். தொண்டை கட்டிக்கொண்டது. உள்ளே கோமளா மேடத்தின் குரல் கேட்டது, ராணாவின் குரல் கேட்டது, விசில் சத்தம் கேட்டது. ஆட்டம் நிற்கவில்லை.

அப்போது யாரோ நடு மட்டையில் வாங்கி ஓங்கி அடித்தார்கள். சத்தத்திலேயே தெரிந்தது. மஞ்சள் பந்து சுவருக்கு மேலே எழும்பி, வேப்பமரத்தின் உச்சியை உரசி, சாலையில் வந்து விழுந்தது. துள்ளி ஒரு காரின் முன்னால் உருண்டது. அகல்யா கையைக் காட்டிக்கொண்டு நடுச் சாலையில் ஓடினாள். பிரேக்குகள் கிறீச்சிட்டன, ஹாரன்கள் அலறின, யாரோ இந்தியில் திட்டினார்கள். டிவைடர் ஓரத்திலிருந்து பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். சுவருக்கு அப்பால் ஓடும் கால்களின் சத்தம், ஹோம் பிளேட்டுக்கு ஓடச் சொல்லி "வீடு! வீடு!" என்று கத்துகிற பத்துக் குரல்கள்.

ஓட இடமில்லை. நின்ற இடத்திலேயே இடது காலை முன்னால் வைத்து, சுவருக்கு மேலே வீசி எறிந்தாள். பந்து மறைந்தது. நின்றுபோன வண்டிகளுக்கு நடுவே, எறிந்த கை இன்னும் நீண்டிருக்க, அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம், கிளவ்வின் தோலில் பந்து வந்து விழுந்தது போல, பட்டென்று ஒரு சத்தம்.