கல்லாவில் எதெல்மிரா

தால்கா பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் எங்கள் சாண்ட்விச் கடையில் பெண்கள் மூன்று பேர். முதலாளி எதெல்மிரா, யாஸ்னா, நான். சிலி நாட்டுக்காரர்களுக்கு, முட்டையும் எண்ணெயும் அடித்துச் செய்யும் மயோனைஸ் இல்லாமல் ரொட்டி தொண்டையில் இறங்காது. மாதவிலக்கான பெண் அடித்தால் மயோனைஸ் திரிந்துவிடும் என்பது ஊர் நம்பிக்கை. எதெல்மிராவுக்கு அது நம்பிக்கை இல்லை, சட்டம்.

சட்டம் அதோடு நிற்கவில்லை. விலக்கானவள் கல்லாவில் உட்கார வேண்டும்; யாருக்கும் இல்லாத நாளில் கல்லா காலிதான், காசை மேசையிலேயே வாங்கிக்கொள்வோம். முடிந்ததும் உடம்பில் தெம்பு வருமாம், உருளைக்கிழங்கு மூட்டை தூக்க வேண்டும். நடுவில் முகம் களையாக இருக்குமாம், மேசைகளைக் கவனிக்க வேண்டும். அடுத்த விலக்குக்கு முந்தைய வாரம் கறிக்காரனிடம் பேரம் பேச அனுப்பிவிடுவாள். அந்த வாரத்தில் அவன் எங்களிடம் ஜெயித்ததே இல்லை. எதெல்மிராவுக்கு அறுபது தாண்டிவிட்டது, எல்லாம் எப்போதோ நின்றுபோனது. அதனால் அவளுக்கு எப்போதும் அடுப்படிதான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு தொல்லை. கல்லாவைப் பார்த்தால் யாருக்கு என்ன என்று ஊருக்கே தெரியும். எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. யாஸ்னா ஆறு வருஷமாகக் குழந்தைக்குக் காத்திருக்கிறாள். மாதாமாதம் அவள் கல்லாவில் உட்காரும்போது டாக்சிக்காரர் ஓஸ்வால்தோ முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "இந்த மாசமும் இல்லையாம்மா? கடவுள் பார்த்துப்பாரு" என்பார். அந்த ஆளைக் கரண்டியால் ஒன்று போடலாமா என்று எனக்குக் கை துறுதுறுக்கும்.

இந்த மாதம் யாஸ்னா கல்லாவுக்கு வரவில்லை. நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. பசிக்காதவர்கள்கூட ரொட்டி கேட்டு வந்து கல்லாவை எட்டிப் பார்த்தார்கள். யாஸ்னாவை மூட்டை தூக்கவிடாமல் எதெல்மிராவே தூக்கினாள். "கிழங்கு லேசாத்தான் இருக்கு" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மதியக் கூட்டத்தில் யாஸ்னா கழிப்பறைக்குப் போய், முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. அவள் காலியாக இருந்த கல்லாவைப் பார்த்தாள். அதன் பக்கத்து மேசையில் ஓஸ்வால்தோ. யாஸ்னா நேராக உள்ளே போய் முட்டையை உடைத்துக் கிண்ணத்தில் ஊற்றி மயோனைஸ் அடிக்க ஆரம்பித்தாள்.  விலக்கான நாளில் இதைச் செய்ததற்காகவே ஒருத்தியை அன்றைக்கே வேலையைவிட்டு அனுப்பியவள் எதெல்மிரா.

எதெல்மிரா யாஸ்னாவின் சிவந்த கண்ணைப் பார்த்தாள். பிறகு அடுப்பை என்னிடம் ஒப்படைத்து, கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கல்லாவில் உட்கார்ந்தாள்.

ஓஸ்வால்தோவுக்கு வாயில் போட்ட ரொட்டி இறங்கவில்லை. "என்னக்கா, நீங்க கல்லாவுல?"

"எனக்கு வந்திருக்கு."

"உங்களுக்கா? இந்த வயசுலயா?"

"உன் வயசுல நீ டாக்சி ஓட்டுறே, நான் ஏதாவது கேட்டேனா? தின்னு முடிச்சாச்சுல்ல, காசை வை."

கடையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்தால் நாளைக்குச் சாப்பாடு கிடைக்காது. யாஸ்னாவைப் பற்றி யாருக்கும் ஞாபகமே வரவில்லை.

கூட்டம் கலைந்ததும் எதெல்மிரா உள்ளே வந்தாள். மயோனைஸ் கெட்டியாக, பளபளவென்று இருந்தது. ஒரு விரல் தொட்டு நக்கிப் பார்த்தாள்.  அதற்குமேல் தாங்காமல் யாஸ்னா கிண்ணத்தைக் கட்டிக்கொண்டு உடைந்து அழுதாள்.

எதெல்மிரா அவள் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"இங்க அழுடி. அதுல உப்பு சரியா இருக்கு."