கலிங்குச் சுவருக்கு ஒரு வார்த்தை

1

அன்று கலிங்கில் இருந்தவர்கள்: சேவுகன், வீரய்யா, மலையாண்டி, கண்ணாத்தாள், நான்.

இந்தப் பட்டியலை நான்கு தடவை எழுதினேன். முதல் மூன்று தடவையும் நான்கு பேர்தான் இருந்தார்கள். ஐந்தாவது பேர் வந்து சேர்ந்த பிறகுதான் பேனா மேலே நகர்ந்தது.

கதை பிறந்தது ஒரு பஸ்ஸில். போன மாதம் அன்னவாசலிலிருந்து குடுமியான்மலை போகும் வழியில் வண்டி நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு, "பிரேக்டவுன்" என்றார். அவ்வளவுதான். எல்லோரும் இறங்கி நிழல் தேடினார்கள். வண்டியைக் கவனிக்காமல் விட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் ஒரு வேப்பமரத்தடியில் நின்று எண்ணிப் பார்த்தேன். பாங்கு ஃபெயில், இருதயம் ஃபெயில், மந்திரிசபை கொலாப்ஸ். எத்தனை வார்த்தைகள்! விழுந்தது தெரிகிறது, தள்ளியது யார் என்று தெரிவதில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஒளிய நானும் பார்த்தேன்.*

* நான் ஐந்தாம் பாரம் வரை படித்தவன். என் இங்கிலீஷைப் பற்றிப் பெருமை பேச மாட்டேன். கையெழுத்தைப் பற்றிப் பேசுவேன்.

2

"ஐம்பத்தேழாம் வருஷம் கார்த்திகைக் கடைசியில், எங்கள் கண்மாயின் கலிங்குச் சுவர் எதிர்பாராத விதமாக..."

(எதிர்பாராத விதமாக என்பது பொய். வாக்கியத்தை அடித்துவிட்டேன். அடித்தது உங்கள் கண்ணில் படட்டும் என்று இங்கேயே விட்டுவைக்கிறேன்.)

கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற இடம் கலிங்கு. அதன் மேல் வரிசையாகக் கல் நட்டிருக்கும். மழை ஓயப் போகிறது என்று தோன்றினால் அந்தக் கல்லிடுக்குகளில் வைக்கோலும் களிமண்ணும் திணித்து அடைப்போம். ஒரு முழத் தண்ணீர் கூடுதலாக நிற்கும். சர்க்கார் விதிப்படி கூடாது. ஆனாலும் வருஷா வருஷம் நடக்கும். மறுபடி மேகம் திரண்டால் அன்றைய முறைக்காரர் போய் அடைப்பைப் பிடுங்கிவிட வேண்டும்; இல்லாவிட்டால் ஏறுகிற தண்ணீர் சுவரையே தள்ளிவிடும்.

சுவரைக் கட்டிய காண்டிராக்டர் என் அண்ணன் ரத்தினவேல். எங்கள் வீட்டார் கட்டிய ஒன்றும் அதுவரை விழுந்ததில்லை.

3

அந்தக் கார்த்திகையில் மறுபடி மேகம் திரண்ட அன்று முறை என்னுடையது.

மத்தியானம் கலிங்குக்குப் போனேன். கிழக்கே கறுத்திருந்தது. தண்ணீர் நல்ல அழகாக நின்றது. இன்னும் ஒரு நாள் நிற்கட்டும் என்று திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் விடிந்தபோது சுவரில் பாதி இல்லை. தண்ணீர் தரிசில் ஓடியதால் உயிருக்கோ பயிருக்கோ சேதமில்லை.

அண்ணன் அப்போது சிப்பிச் சுண்ணாம்பு வாங்க மீமிசல் போயிருந்தார். அடைத்த கதை அவருக்குத் தெரியாது. வந்ததும் நேரே சுவருக்குப் போனார். உடைந்த பக்கத்தில் நகத்தால் சுரண்டி, விரலில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"எங்கிட்டோ நாந்தான் தப்புப் பண்ணியிருக்கேன் தம்பி" என்றார்.

(இந்த இடத்தில் என் மனம் பட்ட பாட்டை ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். கிழித்துவிட்டேன். அண்ணன் நான்கு நாள் சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்து போனார். நான் மூன்று வேளையும் சாப்பிட்டேன். அது போதும்.)

4

கண்ணாத்தாளை இந்தக் கதைக்குள் விடுவதா என்று நிரம்ப யோசித்தேன். அவள் வாயைத் திறந்தால் கதை என் கையில் நிற்காது. ஆனால் அவள் இல்லாமல் இந்தப் பகுதி இல்லை.

விசாரணைக்கு ஓவர்சியர் நாகராசு வந்தார். பள்ளிக்கூடத்தில் மேசை போட்டோம். அவருக்கு வலது கையில் நகச்சுத்தி.

"ஐயா, நான் சொல்லச் சொல்ல நீங்க எழுதுறீங்களா? கை விண்ணு விண்ணுங்குது."

அண்ணனின் தலைவிதியை எழுத என் கையே வாய்த்தது. சுவர் கொலாப்ஸ் ஆனது என்று அவர் தொடங்கினார். நான் எழுதவில்லை.

"கொலாப்ஸ்னா மேலிடத்துல என்ன நெனைப்பாங்க?"

"கட்டுமானம் மட்டம்னு நெனைப்பாங்க. காண்டிராக்டர் பேரை லிஸ்ட்டுல இருந்து அடிச்சிருவாங்க."

"ஃபெயில்னு போட்டா?"

"அது அவரு பேரச் சொல்லியே திட்டுற மாதிரிங்க."

"கிவ் வே, எடங்குடுத்துருச்சுன்னு போட்டா?"

"கொஞ்சம் மரியாதை. முடிவு ஒண்ணுதான்."

"வெள்ளம் அடிச்சிக்கிட்டுப் போச்சுன்னு ஒரு வார்த்தை இருக்குமே."

"வாஷ்டு அவே. ஆனா மழை அம்புட்டுப் பெய்யலிங்களே. மழைமானிக் கணக்கு என்கிட்ட இருக்கு."

வெளியே ஆட்கள் நின்றிருந்தார்கள். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணாத்தாள் சொன்னாள்: "விழுகிறதுக்கு இங்கிலீசுல இம்புட்டு வார்த்தை இருக்கு. வைக்கல் திணிச்சதுக்கு மட்டும் ஒண்ணும் கெடையாதாக்கும்."

"ஏத்தா, சும்மா இரு" என்றார் சேவுகன்.

"நான் சும்மாத்தேன் இருக்கேன். மண்ணு சொமந்த தலை சும்மா இருக்க மாட்டேங்குது."

ஓவர்சியர் என்னைப் பார்த்தார். "என்ன வைக்கலுங்க?"

நான் எழுந்து நின்றேன். அந்நியர் முன்னால் எங்கள் குடும்பத்தில் எவரும் தப்பை ஒப்புக்கொண்டதில்லை.

"கலிங்க அடைச்சது நாங்க அஞ்சு பேரு. பிடுங்குற முறை என்னுது. போனேன், பாத்தேன், பிடுங்காம வந்துட்டேன். செவுத்துல குத்தமில்ல."

சொல்லும்போது முதுகு வளைந்துவிடும் என்று பயந்திருந்தேன். வளையவில்லை. நான்கு நாளாக நெஞ்சில் நின்றது இறங்கியது. உட்காரக்கூடத் தோன்றவில்லை.

"அப்ப வார்த்தை தேட வேண்டாங்க" என்றார் ஓவர்சியர். "இப்பச் சொன்னதையே எழுதுங்க."

வாசற்படியில் அண்ணன் நின்றிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"ஏன்டா தம்பி, அப்பச் சுண்ணாம்பு சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சுண்ணே."

"சரி" என்றார். "நான் வீட்டுக்குப் போயி ரெண்டு வாய் சாப்பிட்டு வாரேன்."

5

முடிவாக இரண்டு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஐந்து பேரும் சேர்ந்து எழுந்து நிற்கிறோம். படிக்க நன்றாக இருந்தது. நடக்கவில்லை. மற்றதில் நான் கொலாப்ஸ் என்றே எழுதி ஓவர்சியரிடம் கையெழுத்தும் வாங்கிவிடுகிறேன். அது நடந்திருக்கும்.

நடந்தது இவ்வளவுதான். அண்ணன் பேர் லிஸ்ட்டில் நின்றது. தை மாதம் அவரே சுவரைத் திரும்பக் கட்டினார். ஐந்து வீட்டாரும் கூலியில்லாமல் கல் சுமந்தோம். கண்ணாத்தாள் என்னைவிட அதிகம் சுமந்தாள், அதைச் சொல்லியும் காட்டினாள்.

அவள் அன்று சன்னலண்டை வராமல் இருந்திருந்தால் நான் எழுந்திருப்பேனா? அந்தப் பத்தியை என்னால் எழுத முடியவில்லை. உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதை இங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் உங்களிடம் விட மாட்டேன். அண்ணனைக் காப்பாற்றத் தம்பி இல்லாத பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டான் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. எனக்கு அது கௌரவமாக இருக்கும் என்று நினைத்துச் சொல்கிறார்கள். அது பொய். சுவர் நன்றாகவே கட்டப்பட்டிருந்தது. அடைப்பைப் பிடுங்காமல் வந்தவன் நான்.