நாலாவது ஓட்டத்துக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில்

தயானி பதுளைக்கு வேலைக்குத் திரும்பியபோது அம்மாவின் கருமாதி முடிந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. இன்னும் ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகச் சொல்லி சித்தி அங்கம்மா கெஞ்சிப் பார்த்தாள். தோட்டத்து லயத்து வீட்டில் இருந்து என்ன செய்வது? வருகிறவர்கள் எல்லாரும் அவள் கண்ணைத்தான் பார்த்தார்கள். சவப்பெட்டியைத் தூக்கும்போதுகூட பெற்ற மகளுக்கு ஒரு சொட்டு வரவில்லை என்று பூனாகலைத் தோட்டம் முழுக்கப் பேச்சு. அழுகை என்ன பைப்பு தண்ணியா, திருகினதும் வருவதற்கு?

அம்மாவைக் குளவி கொட்டியது. தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மலையில் கூடு கலைந்து ஆறு பேரைக் கொட்டியதில் ஐந்து பேர் பிழைத்துக்கொண்டார்கள். தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றிக்கொண்டு பெக்டரிக்குப் போயிருந்தது. யாரோ ஓடிப்போய் ஒரு ஆட்டோவைப் பிடித்து வந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்கு முன்னால் அம்மா மகளுக்கு மூன்று தடவை போன் எடுத்திருந்தாள். 11.12, 11.13, 11.16. தயானி பதில் பேசியிருந்தால், தோட்டத்துச் சந்தியில் வேன் வைத்திருக்கும் பலீலுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். வேன் பத்து நிமிடத்தில் மலையடிக்குப் போயிருக்கும். பலீலின் நம்பர் அம்மாவிடம் இல்லை, மகளிடம்தான் இருந்தது.

"வண்டி ரோலர் மேல ஓடிக்கிட்டு இருந்திச்சி சித்தி. காதுல காதுமூடி. போன் மேச லாச்சிக்குள்ள." கேட்டவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொன்னாள். பதினேழு நாளாகச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிவிட்டது. அதில் பொய் இல்லை என்றுதான் அவளும் நம்பினாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் சோறு சாப்பிட்டாள், தூங்கவும் செய்தாள்.

ஸனூஸின் கராஜ் பண்டாரவளை வீதியில் இருந்தது. வண்டிகளை டைனோவில் ஏற்றி ட்யூன் பண்ணுகிற இடம். டைனோ என்றால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. வண்டியை உருளைகள் மேல் ஏற்றி, நாலு பக்கமும் வாரால் இழுத்துக் கட்டி, நின்ற இடத்திலேயே ஓட விடுவது. எவ்வளவு வலு வருகிறது என்று திரையில் கோடு விழும். தயானி சீட்டில் உட்கார்ந்து மடிக்கணினியில் பெட்ரோலையும் பொறி விழும் நேரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துவாள். எஞ்சினோடு முடுக்கிய ஒரு கருவியிலிருந்து அவள் காதுமூடிக்கு வயர் வரும். உள்ளே பெட்ரோல் தப்பான நேரத்தில் வெடித்தால் அதில் டிக் டிக் என்று கேட்கும். கேட்ட கணத்தில் காலை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிஸ்டனுக்குப் பிரியாவிடைதான். முன்பு ஒரு தடவை ஸனூஸ் போனில் பேசிக்கொண்டிருந்து ஒரு எஞ்சின் வெந்துபோனது. அதற்குப் பிறகு, வண்டி ரோலரில் ஏறினால் எல்லார் போனும் லாச்சிக்குள் போக வேண்டும் என்பது சட்டம். சட்டம் போட்டவள் தயானிதான்.

அன்றைக்கு ரோலரில் நின்ற அதே நீல சுபாருதான் இன்றைக்கும் நின்றது. பாதியில் விட்டுப் போன வேலை. வண்டிக்காரர் ஷாமில் பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவர். நாள் முழுக்க சாரி மடிப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை மலை ஏறுகிற ரேஸில் எல்லாரையும் முந்திவிட வேண்டும். பெரிய டர்போ போட்டிருந்தார். அது ஊதுகிற காற்றுக்கு ஏற்ற மாதிரி எஞ்சினைப் பழக்கினால்தான் வண்டி அவர் சொல் கேட்கும்.

"தங்கச்சி, அம்மாட விசயம் கேள்விப்பட்டு மனசே சரியில்ல," என்றார் ஷாமில். "வேணுன்டா ரேஸ் போகட்டும். அடுத்த வருசம் பாப்பம்."

"இல்ல ஷாமில் நானா. முடிச்சிருவோம்."

அவர் மெய்யாகத்தான் சொன்னார். அவளுக்குத்தான் அது எங்கேயும் போய்த் தொடவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி எல்லாம் மரத்துக் கிடந்தது.

சீட்டில் உட்கார்ந்து கணினியைத் திறந்தாள். விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டுமென்றால் அன்றைக்கு ஓடிய ஓட்டங்களின் பதிவைத் திறந்தாக வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்தையும் கணினி தானாகவே சேமித்துக்கொள்ளும், ஓடிய நேரத்தையே பெயராக வைத்து. திரையில் வரிசையாக வந்தன. 10.38. 10.47. 10.56. 11.05. அதற்கடுத்தது 11.21.

தயானி மறுபடியும் பார்த்தாள். அம்மா கூப்பிட்ட 11.12க்கும் 11.16க்கும் நடுவில் ஒரு ஓட்டம் இருக்க வேண்டும். அழிந்துபோயிருக்கும் என்று குப்பைத் தொட்டிக் கோப்பையும் திறந்து பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. ஒரு ஓட்டம் என்பது அரை நிமிடம்கூட இல்லை. 11.05க்குத் தொடங்கியது 11.06 ஆகும் முன்பே முடிந்திருக்கும்.

"ஸனூஸ் நானா," என்று கண்ணாடியை இறக்கிக் கேட்டாள். "அன்னைக்கு நாலாவது ஓட்டம் முடிஞ்சி அடுத்ததுக்கு ஏன் இவ்வளவு நேரம்?"

ஸனூஸ் வாரை முடுக்கிக்கொண்டே சொன்னார், "சூடு இறங்கட்டும்னு நின்டதானே. ஃபேன போட்டு வச்சோம். நீங்க சீனிச்சம்பல் பனிஸ் சாப்பிட்டீங்க. எங்க வீட்டுலருந்து றுஸைனா டீ அனுப்பியிருந்தா. வெயில் சரியில்லன்னு ஏசிட்டு இருந்தீங்க."

"ஆமா," என்றாள் தயானி. ஞாபகம் வந்தது. பனிஸ் இருந்த தட்டு கூட அந்த மேசை மேல்தான் இருந்தது. கீழே லாச்சி. காதுமூடி கழுத்தில் தொங்கியது. எஞ்சின் நின்றிருந்தது. மூன்று தடவை அம்மா கூப்பிட்டபோதும் அவள் லாச்சியிலிருந்து ஒரு முழ தூரத்தில் நின்று பனிஸ் தின்றுகொண்டிருந்தாள். போன் சத்தம் போடாமல் இருக்கும்படி வைத்தவளும் அவள்தான்.

இப்போதாவது ஏதாவது உடையும் என்று காத்திருந்தாள். ஒன்றும் உடையவில்லை. கால் கிளட்சில் இருந்தது, கை கியரில் இருந்தது. "ரெடியா தங்கச்சி?" என்றார் ஸனூஸ். போனை எடுத்து லாச்சியில் போட்டுவிட்டு வந்து காதுமூடியை மாட்டினாள்.

முதல் ஓட்டத்தில் ஐயாயிரத்து ஐந்நூறு சுற்றில் டிக் என்றது. காலை எடுத்தாள். பொறி நேரத்தை இரண்டு பாகை பின்னுக்கு இழுத்தாள். சூடு இறங்கக் காத்திருந்தார்கள். அவள் மேசைப் பக்கம் போகவே இல்லை. இரண்டாவதில் சத்தம் இல்லை, கோடு நேராக ஏறியது. மூன்றாவதில் இன்னும் ஏறியது. முந்நூற்றுப் பதினெட்டு குதிரை வலு. ஷாமில் கடைக்காரர் என்பதையே மறந்து குழந்தை மாதிரி கை தட்டினார்.

"இன்னும் ஒரு பத்து கூட்டலாமா தங்கச்சி?"

"கூட்டலாம் நானா. மலையில பாதி வழியில எஞ்சின் வெடிக்கும். பரவாயில்லையா?"

"ஐயோ, போதும் போதும்," என்று சிரித்தார் அவர். அவளும் சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து சிரித்தாள்.

நாலு மணிக்கு வண்டி போய்விட்டது. ஸனூஸ் தொழப் போனார். தயானி லாச்சியைத் திறந்து போனை எடுத்து அப்பாவுக்கு அழைத்தாள். இதை யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாம். கணினியில் இருக்கிற நேரத்தை யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? ஆனால் பதினெட்டாவது நாளும் அதே வார்த்தையைச் சொல்லி அவளால் இனி சோறு தின்ன முடியாது.

வீரய்யா முதல் மணியிலேயே எடுத்தார். இப்போதெல்லாம் அப்படித்தான் எடுக்கிறார்.

"என்னா புள்ள?"

"அப்பா, நான் சொன்னது பொய்யிப்பா. அம்மா எடுத்த நேரத்துக்கு வண்டி ஓடல. சும்மாதான் நின்னேன். டீ குடிச்சிக்கிட்டு, பனிஸ் தின்னுக்கிட்டு நின்னேன். லாச்சியத் தொறந்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான் தொறக்கல."

அந்தப் பக்கம் யார் வீட்டு வானொலியோ தூரத்தில் பாடிக்கொண்டிருந்தது. அவர் திட்டினால் நல்லது என்று நினைத்தாள்.

"மொதல்ல எனக்குத்தான் எடுத்தா," என்றார் வீரய்யா.

"அப்பா?"

"பதினொன்னு பத்துக்கு. நான் கீழ் மலையில தேயிலச் செடிய கவ்வாத்து வெட்டிக்கிட்டு நின்னேன். அஞ்சி நிமிசத்துல ஓடியிருப்பேன். கூரத் தகரம் ஒழுகுது, ஆணி அடிக்கலன்னு காலையிலயே கத்திட்டுப் போனா. அதுக்குத்தான் மறுபடியும் எடுக்குறான்னு நெனச்சி, அமுத்திட்டு சட்டப் பையில போட்டுக்கிட்டேன். எல்லார்கிட்டயும் சிக்னல் இல்லன்னு சொன்னேன். ஒங்கிட்டயும் அதத்தான் சொன்னேன்." மூச்சை இழுத்தார். "நான் அமுத்துனதுனாலதான் புள்ள அவ ஒனக்கு எடுத்தா."

தயானி லாச்சியை மூடினாள். பிறகு திறந்தாள். அப்பா அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்டு அழுததைப் பார்த்து, இவருக்காவது அழ வருகிறதே என்று பொறாமைப்பட்டிருந்தாள்.

"தகரம் இப்பவும் ஒழுகுதாப்பா?"

"ஒழுகுது. அவ படுக்குற எடத்துலதான். சட்டி வச்சிருக்கேன்."

"ஞாயித்துக்கெழம ஆணி வாங்கிக்கிட்டு வரேன்," என்றாள். "ரெண்டு பேருமா அடிச்சிருவோம்." வாக்கியத்தின் கடைசிப் பாதி சரியாக வெளியே வரவில்லை. அவள் கராஜின் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"அழு புள்ள," என்றார் அப்பா. "நான் போன வைக்க மாட்டேன்."