முடி திருத்தும் கடைக்குப் போன சிச்சரோன் பெட்டி

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, காலை நீட்டி உட்காருங்கள். பிலிப்பைன்ஸில் இருக்கும் எங்கள் செபு நகரத்தில் ஒரு பெட்டி பன்றித்தோல் வறுவல் ஒரு முதலாளியை என்ன பாடு படுத்தியது என்று சொல்கிறேன்.

தியோடுலோ மாதாமாதம் நாலாயிரம் வீடுகளுக்குச் சிச்சரோன் வறுவல் அனுப்புகிறவர். ஒன்றாம் தேதி சந்தாக்காரர்களின் கார்டிலிருந்து பணத்தை எடுத்துத் தருவது அவருடைய கும்பாரே, அதாவது மகளின் ஞானத்தந்தை நடத்தும் கேட்வே என்ற பணம் வசூலிக்கும் சேவை. அது படுத்தால் பெட்டிகளும் படுத்துவிடும். கார்டு எண்ணுக்குப் பதிலாக அது கொடுத்திருந்த டோக்கன் என்ற மாற்று எண் அங்கே மட்டும்தான் செல்லும். வேறு கேட்வேயில் நீட்டினால், 'யார் நீ?' என்று கேட்கும்.

தியோடுலோவின் கடையில் வேலை பார்த்த ரொசெண்டா மூன்று மாதம் மல்லுக்கட்டி, வங்கிகளை இணைக்கும் கார்டு நெட்வொர்க்கே கொடுக்கும் டோக்கனுக்கு வழி செய்தாள். அது எந்தக் கேட்வேயிலும் செல்லும். முதல் டோக்கனைப் போன மாதமே முதலாளியின் கார்டுக்கு வாங்கியிருந்தாள்.

கும்பாரே கோபித்துக்கொள்வாரே என்று தியோடுலோவுக்குக் கவலை.

"கும்பாரே கேட்வேய மூடிட்டு என் கார்டுலயே போட்டுப் பாரு, இண்டாய். போகலேன்னா உன் டோக்கன மூட்ட கட்டிடணும்."

"போச்சுன்னா, நோங்?" என்றாள் ரொசெண்டா. எங்கள் ஊரில் இண்டாய் என்றால் தங்கச்சி, நோங் என்றால் அண்ணன், மனாங் என்றால் அக்கா.

"நாலாயிரம் பேருக்கும் மாத்திக்கோ!"

அவர் இவ்வளவு தாராளமாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. டாக்டர் அவருக்குக் கொழுப்பு கூடாதென்றிருந்தார். கடையில் எடுத்துத் தின்றால் பொட்டலம் கட்டும் பெண்கள் மனைவியிடம் போட்டுக்கொடுப்பார்கள். அதனால் மனிதர் தன் கடைக்கே சந்தா கட்டி, முடி திருத்தும் கடைக்கு வரவழைத்துத் தின்றார். மோப்பம் பிடித்த மனைவி கொன்சோர்சியா, போன வாரம்தான் அந்தக் கார்டை வங்கியில் மாற்றிப் புதியதைத் தன் கைப்பைக்குள் பூட்டிவைத்தாள். செத்த கார்டில் எப்படிப் பணம் வரும்?

ரொசெண்டா பொத்தானைத் தட்டினாள். பணம் வந்துவிட்டது!

கால் மணியில் கொன்சோர்சியாவும் வந்துவிட்டாள், கையில் வங்கிச் செய்தி வந்த போனோடு.

"கார்டு என் பைக்குள்ள இருக்கு. உன் கடைக்குப் பணம் எப்படிய்யா போச்சு?"

தியோடுலோ ரொசெண்டாவைக் காட்டினார்.

"கார்டு மாறினா பேங்க்கே நெட்வொர்க்குக்குச் சொல்லிடும், மனாங். டோக்கன் அதேதான். பின்னால புதுக் கார்டு வந்து ஒட்டிக்கும்."

"ஓ! செத்த கார்டக் குடுத்துப் பொண்ணக் கவுக்கப் பாத்தியா? ஆமா, முடிவெட்டுற கடைக்கு எதுக்குய்யா பெட்டி?"

"முடி... வெட்டிக்கத்தான் போவேன்..."

"இருக்கிற நாலு முடிக்கு மாசம் ஒரு பெட்டியா!"

பொட்டலம் கட்டும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கொன்சோர்சியா ரொசெண்டா பக்கம் திரும்பினாள்.

"நானே பேங்குக்குப் போய் வெட்டிவிட்டும் இந்த ஆளோட சந்தா போகல. அப்போ நம்ம வாடிக்கக்காரங்க எங்க போயிடப் போறாங்க? எல்லாருக்கும் மாத்தும்மா."

"கும்பாரே கோச்சுக்குவாரே..." என்று முனகினார் தியோடுலோ.

"அவரையும் பல வழியில ஒரு வழியா வச்சுக்கோ. கோச்சுக்கிட்டா உன் பெட்டிய அவருக்கு அனுப்பு."

அடுத்த ஒன்றாம் தேதி கும்பாரேயின் கேட்வே வழக்கம்போலப் படுத்தது. பெட்டிகள் வேறு கேட்வே வழியாகப் பணம் வாங்கிக்கொண்டு கிளம்பின. முடி திருத்தும் கடையில் மட்டும் ஒருவர், வெட்ட முடியில்லாமல், வராத பெட்டிக்காக வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

உங்கள் வீட்டுக்கு வரவேண்டிய நல்லதெல்லாம், ஒரு வழி அடைத்தால் மறுவழியில் வந்து சேரட்டும், கண்ணுகளா. ஒளித்துத் தின்பவர் யாராவது அங்கே இருந்தால், அவர் உடம்பும் நன்றாக இருக்கட்டும்.