முன்னால் போய்ப் பார்க்கிறவர்

"வண்டி வந்துடுச்சுடா. இன்னும் எவ்வளவு நேரம்?" அக்கா கழிவறைக் கதவைத் தட்டினாள்.

"இதோ வரேன்க்கா."

உள்ளே அவன் மறுபடியும் தண்ணீரைத் திறந்துவிட்டான். வயிற்றில் ஒன்றுமே இல்லை. நேற்று மதியம் அப்பா பேப்பர் படித்துக்கொண்டே மாரடைப்பில் சாய்ந்து இறந்ததிலிருந்து, தண்ணீரைக்கூடப் பயந்து பயந்துதான் குடித்தான். ஆனாலும் குடல் துணி பிழிவதுபோல முறுக்கியது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். குடலில் புண் என்று டாக்டர் சொன்ன பிறகு காரம், பால், எண்ணெய் எல்லாம் போயின. கூடவே தைரியமும் போனது. கழிவறை எங்கே என்று தெரியாத கட்டடத்துக்கு வேலைக்கே போகமாட்டான். கூட வேலை பார்ப்பவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனிதர். அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்னவென்று அவருக்குத் தெரியும். மகன் புது இடத்துக்குப் போகவேண்டுமென்றால், ஸ்கூட்டரில் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு அங்கிருந்தே போன் செய்வார்.

"உள்ள நுழைஞ்சதும் இடது கைப் பக்கம். தாழ்ப்பாள் நல்லா விழுது. தண்ணி வருது. தைரியமா வா."

மயானம் ஊருக்கு வெளியே, தூரத்தில். அங்கே யாரும் முன்னால் போய்ப் பார்க்கவில்லை.

வெளியே வந்தபோது அக்காவின் கணவர் காத்திருந்தார். "மாப்ள, நீ எங்க கார்ல பின்னாடி வந்துடேன். நடுவழியில அந்த வண்டி நின்னா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"அப்பாகூடதான் வருவேன் மாமா."

சொல்லிவிட்டானே தவிர, அமரர் ஊர்தியின் முன்சீட்டில் ஏறும்போதே வழியில் எங்கெங்கே கழிவறை இருக்கும் என்று எண்ணிப் பார்த்தான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அப்பா படுத்திருந்தார். பாலம் தாண்டியதும் நெற்றி வியர்த்தது. சிக்னலில் நின்றபோது இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டான்.

டிரைவர் ஓரக்கண்ணால் பார்த்தார். "அழுகை வந்தா அழுதுடுங்க தம்பி. அடக்காதீங்க."

"அது இல்லண்ணே..." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "வயிறு. எங்கயாச்சும் நிறுத்த முடியுமா?"

"இதுக்கா இவ்வளவு நேரம் வாயத் திறக்காம வந்தீங்க? நம்மள எவன் ஹாரன் அடிச்சு விரட்டப் போறான்? பெரியவருக்கும் அவசரம் ஒண்ணும் இல்ல."

பெட்ரோல் பங்குக்குள் வண்டியைத் திருப்பினார். பின்னால் வந்த கார்களும் ஒவ்வொன்றாகத் திரும்பின.

எந்தப் பக்கம் என்று பெட்ரோல் போடுகிறவரிடம் அவனே கேட்டான். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு காலை நீட்டிக் கதவை மிதித்துக்கொண்டு உட்கார்ந்தான். யாரும் தள்ளவில்லை.

திரும்பி வந்தபோது தலை சுற்றியது. ஊர்தியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மாமா வேகமாக வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டினார்.

அக்கா கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். குழைய வேகவைத்து, உப்பு மட்டும் போட்ட சோறு.

"ரெண்டு வாய் சாப்பிடு. இல்லன்னா அங்க வந்து மயங்கி விழுவ."

"இப்பவா? சாப்பிட்டா மறுபடியும் வருமேக்கா."

"வந்தா மறுபடியும் நிறுத்தச் சொல்லு."

கண்ணாடி வழியாக அப்பாவின் பாதம் தெரிந்தது. ஊர்தியில் சாய்ந்து நின்று ஒரு வாய் வைத்தான். மெதுவாக மென்றான்.

டிரைவர் என்ஜினை அணைத்தார்.