சாள்ஸின் முதுகும் என் அடித்தல் திருத்தலும்

1

இந்தக் கதை எனக்கு இலங்கையில், இரத்தினபுரிப் பக்கத்துக் கஹவத்தை பஸ்ஸில் கிடைத்தது. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. சீட்டு காலியாகக் கிடக்க, கமுகு மாதிரி வளர்ந்த ஒரு பையன் நின்றுகொண்டே வந்தான். "உட்காருங்க தம்பி" என்றேன். "உட்கார்ந்தா எந்திரிக்கிறது பெரும்பாடுங்க" என்று சிரித்தான். வேகப்பந்து போடுகிறவனாம். அவ்வளவுதான் தெரியும். பெயர், அம்மா, தோட்டம் எல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கம்: ரப்பர் மரங்களுக்கும் தேயிலைக்கும் நடுவிலிருந்து பதினேழு வயது சாள்ஸ் ஓடி வந்தான். நடுக்குச்சி பறந்தது.

(சே, சினிமா. அடித்துவிட்டேன்.)

இன்னொன்று: மழை விட்ட மைதானத்தில் சாள்ஸ் ஓடி வந்தான். பந்து எதிராளியின் மூக்குக்கு நேராக

(மூக்கு வேண்டாம், பாவம்.)

இன்னொன்று: சாள்ஸ் ஓடி வந்தா

3

பள்ளிக்கூடத்துக்கு ஒரு மேட்ச், தோட்டத்துக்கு ஒரு மேட்ச், நடுவில் பயிற்சி. எல்லாரும் அவனையே போடச் சொன்னார்கள். யாரும் மொத்தமாகக் கூட்டிப் பார்க்கவில்லை. முதுகு வலிக்கிறது என்றபோது தோட்டத்து வரிசை வீடுகள், அந்த லயமே சிரித்தது. தேயிலைக் கொழுந்துக்கூடை சுமக்கிற இடத்தில் முதுகு வலிக்காதவர் யார்? அம்மா ரோசம்மா தன் தைலப் போத்தலை எடுத்து அவனுக்கும் தேய்த்துவிட்டாள்.

இரத்தினபுரியில் எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்த்த டாக்டர் நோனா, சிங்களத்து அம்மா, "பந்து எப்பா, மல்லி", பந்து வேண்டாம் தம்பி, என்று ஒரே போடாகப் போட்டார். அடிமுதுகு எலும்பில் விரிசல்.* சில மாதம் பந்தைத் தொடாமலிருந்தால் ஒட்டிக்கொள்ளும். தொட்டால் காலத்துக்கும் வலிதான்.

சனிக்கிழமை இறுதி ஆட்டம். கொழும்பிலிருந்து பெரிய அணிக்கு ஆள் எடுக்க வருகிறார்கள். தோட்டத்து அணியின் கேப்டன் நல்லையா வாசலில் வந்து நின்றான். "மல்லி, ரெண்டே ஓவர். இந்தச் சான்ஸை விட்டா நம்மள எவன் திரும்பிப் பாப்பான்?" நியாயந்தானே என்று சாள்ஸுக்குப் பட்டது. போடத்தான் அவனுக்கு ஆசை, அப்படியொரு ஆசை.

[* முன்காலை ஊன்றி இடுப்பை வளைத்துத் திருகும்போது பாரம் முழுக்க அங்கேதான் இறங்கும். வளரும் பிள்ளைக்கு அந்த எலும்பு இன்னும் முற்றியிருக்காது. ஓய்வில்லாமல் போட்டால் விரிசல் விட்டுவிடும்.]

4

முடிவு அ: சாள்ஸ் ஓடி வந்தான், ஜெயித்தான். (பொய்.)

முடிவு ஆ: சாள்ஸ் ஓடி வந்தான், விழுந்தான். (மனசு வரவில்லை.)

முடிவு இ: சாள்ஸ் ஓடி

"போதும், நிறுத்துங்க!"

ரோசம்மா. கதைக்குள்ளிருந்தேதான். கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"நல்லையா ரெண்டு ஓவர்தான் கேட்டான். நீங்க எத்தன தடவ எம் புள்ளைய ஓடவுட்டீங்க? நீங்க பாட்டுக்கு எழுதி எழுதி அடிச்சிருவீங்க. அவன் ஒவ்வொரு தடவையும் நெசமா ஓடி வரணும்ல?"

மேலே புரட்டிப் பார்த்தேன். ஐயோ, ஆமாம். வெட்கமாகப் போய்விட்டது.

"அம்மா, கொழும்புக்காரங்க வர்றாங்களேம்மா" என்றான் சாள்ஸ்.

"அவங்க அடுத்த வருசமும் வருவாங்க. முதுகு வருமா?"

5

ஆகவே சனிக்கிழமையை நான் எழுதவில்லை. மைதானத்துக் கைதட்டல் லயம்வரை கேட்கிறது. சாள்ஸ் குப்புறப் படுத்திருக்கிறான். அம்மாவோடு பேச்சில்லை, என்னோடும் இல்லை. அழுகிறான் போலிருக்கிறது. அழட்டும்.

எலும்பு ஒட்டிய பிறகு என்ன ஆனான் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், கொழும்போ கஹவத்தையோ, உங்கள் இஷ்டம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். எலும்பு ஒட்டும்வரை இரண்டாம் பகுதியைத் திரும்ப வாசிக்காதீர்கள். நீங்கள் வாசிக்கும்போதெல்லாம் அவன் ஓடி வர வேண்டியிருக்கிறது.